மாலே: ஒரு தீவு நகரான வரலாறு

திருவனந்தபுரத்து மருத்துவக் கல்லூரியை அடுத்த ஒரு மருந்துக் கடையின் வாயிலில், சில ஆண்டுகளுக்கு முன்பு, முதியவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அவர் மாலத்தீவைச் சேர்ந்தவர். மகளுடைய சிகிச்சைக்காக வந்து, அருகிலுள்ள குமாரபுரத்தில் வாடகை வீடு ஒன்றில் தங்கியிருந்தார். திரைப்படங்களின் வாயிலாக இந்தி அவருக்கு ஓரளவு பழகியிருந்தது. "தங்களுக்கு எந்தத் தீவு?" என்று வினவினோம். அவர் சற்றுத் தயங்கி, தம் பெயர் 'தஃப்தரில்' இருப்பதாகச் சொன்னார். இந்தியில் தஃப்தர் என்றால் அலுவலகம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம், அவர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் போலும் என எண்ணி, "எந்த அலுவலகம்?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் விளக்கிச் சொன்னது இது. அவருடைய பாட்டனார் வடக்கே உள்ள ஒரு சிறு தீவிலிருந்து தலைநகராகிய மாலேக்கு வந்து தங்கியவர். நாளடைவில் பிறந்த தீவின் பதிவேட்டில் அக்குடும்பத்தின் பெயர் இல்லாமற் போயிற்று. மாலேயிலோ அவர்களுக்குச் சொந்த வீடு அமையவில்லை. மாலத்தீவில் ஒருவருடைய முகவரி என்பது அவர் குடும்பத்து வீட்டின் பெயரேயாகும். கேரளத்திலும் வீட்டுப் பெயரைக் கொண்டு ஒருவரை அறிவது வழக்கமல்லவா? அது போன்றதே இதுவும். அவ்வாறு சொல்லிக்கொள்ள வீட்டுப் பெயர் இல்லாதவர்களைச் சேர்த்து எழுதுவதற்கென மாலேயில் தனிப் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. அதற்குப் பெயர்தான் தஃப்தர். பதிவேடு என்பதே பாரசீகத்தில் அச்சொல்லுக்கு மூலப்பொருள். அலுவலகம் என்பது பின்னர் வந்து சேர்ந்த பொருள். ஆகவே பிழை நம்முடையதே.

தலைநகரிலேயே பிறந்து, அங்கேயே முதுமை எய்திய ஒருவருக்கு, ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பதிவேடு மட்டுமே மிஞ்சுமாறு நேர்ந்தது எவ்வாறு? ஐந்தாயிரம் பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர், நூறாண்டுகளில் இரண்டு லட்சத்தைத் தாண்டிய நகரமாக வளர்ந்த வரலாற்றில் இதற்கு விடை உண்டு. சொந்த ஊரை விட்டு அயல் மாநிலங்களில் குடியேறி வாழும் நேயர்கள் இவ்வரலாற்றை அந்நிய நாட்டுச் செய்தியாக மட்டும் கருத வேண்டுவதில்லை. அவரவர் வாழ்க்கையோடும் இது ஒத்திட்டுப் பார்க்கத் தக்கது.

முதலில் நாட்டின் அமைப்பைக் காண்போம். திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மாலே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னை இதைவிடச் சற்று அதிகத் தொலைவில் இருக்கிறது என்றால் நேயர்கள் வியப்படையலாம். வடக்கு தெற்காக எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் மாலத்தீவில் 1,192 தீவுகள் உண்டு எனக் கணக்கிடுவர். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை ஏறத்தாழ இருநூறு. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேறாது. பவளப் பாறைகள் வளையம் போல் சூழ்ந்த தீவுக் கூட்டம் ஒவ்வொன்றையும் அவர்கள் 'அதொளு' என்கின்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'அட்டோல்' என்னும் சொல் இதிலிருந்து பிறந்ததே.

தமிழருக்கு இத்தீவுகள் புதியவை அல்ல. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கைக்கொண்ட நாடுகளுள் பன்னீராயிரம் பழந்தீவுகளையும் சேர்த்துக் கூறும். அவை மாலத்தீவுகளே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அங்கிருந்து வந்த சோழிகள் வங்காளத்தில் நாணயமாகச் செலாவணியாயின. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாக உலர்த்திய மாசி, கொழும்பு அங்காடிகளுக்குப் பாய்க்கப்பல்களில் வந்து குவிந்தது. மாசிச் சம்பலின் சுவையை அறிந்தவர்கள் அத்தீவினரின் உழைப்பின் சுவையை அறிந்தவர்களே. 1153இல் அந்நாட்டு மன்னர் இசுலாத்தைத் தழுவினார். 1343-44இல் மொராக்கோ நாட்டுப் பயணியாகிய இபன் பதூதா அங்கே காசியாகப் பணியாற்றி, தாம் கண்டவற்றை எழுதி வைத்தார்.

மாலத்தீவினரின் மொழி திவேகி. அதன் எழுத்து தானா. வலமிருந்து இடமாக எழுதப்படும் அவ்வெழுத்தில் ஒரு புதுமை உண்டு. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவங்களிலிருந்தும், அடுத்த ஒன்பது எழுத்துகள் அந்நாட்டுப் பழைய எண்களின் வடிவங்களிலிருந்தும் உண்டானவை. எண்ணும் எழுத்தும் என்று நாம் இரண்டாகக் கூறுவதை அவர்கள் ஒன்றாகவே வைத்திருக்கின்றனர். அத்தகைய மக்களின் கதையை எண்களைக் கொண்டே சொல்வது பொருத்தமாகும்.

மாலத்தீவு 1887 முதல் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது. இலங்கையின் ஆளுநர் வழியாகவே அத்தொடர்பு நடைபெற்றது. எனவே 1911இல் இலங்கையில் மக்கட்கணக்கெடுப்பாகிய குடிமதிப்பு நடந்தபோது, மாலத்தீவு மக்களும் அதனோடு சேர்த்து முதன்முறையாக எண்ணப்பட்டனர். நாடு முழுவதிலும் அன்று இருந்தோர் ஏறத்தாழ 72,000 பேர். மாலேயில் இருந்தோர் ஐந்தாயிரத்துச் சொச்சம். அதாவது, நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே தலைநகரில் வாழ்ந்தனர். சுல்தானின் அரண்மனை, கோட்டைச் சுவர், பள்ளிவாசல்கள், பம்பாயிலிருந்து வந்த போரா வணிகர்களின் கடைகள், எண்வேறு, கலொளு, மச்சங்கொளி, மாபன்னு என நான்கு வட்டாரங்கள் ஆகியவற்றோடு தென்னை மரங்களின் நிழலில் இருந்த ஊர் அது.

அடுத்த நாற்பது ஆண்டுகளிலும் பெரிய மாறுதல் ஒன்றும் நிகழவில்லை. 1921இல் தொகை சிறிது குறையவும் செய்தது. பிறப்பு மிகுதியாக இருந்தும் இறப்பும் அதற்கு ஈடாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கடல்வழி அரிசி வரத்து தடைப்பட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. ஆயினும் தீவுகளை விட்டு மக்கள் மாலேயை நோக்கித் திரளவில்லை. ஏனெனில் தீவனின் பிழைப்பு அவனுடைய தீவைச் சுற்றியுள்ள கடலில்தான் இருந்தது. தோணி அவனுடையது, தென்னை அவனுடையது, மாசி உலர்த்தும் முற்றமும் அவனுடையது. மாலே அவனுக்கு வரி செலுத்தும் இடமும், அரிசியும் துணியும் வாங்கும் இடமுமே தவிர, வாழும் இடம் அன்று.

இந்த நிலை 1960களிலும் 1970களிலும் மாறியது. நாடு 26 சூலை 1965இல் முழு விடுதலை பெற்றது. 1968 நவம்பரில் குடியரசாயிற்று. அரசின் பணிகள் பெருகின. அப்பணிகள் யாவும் மாலேயிலேயே இருந்தன. ஆங்கில வழிக் கல்வி 1960களின் தொடக்கத்தில் மாலேயின் பள்ளிகளில் புகுந்தது. வெளித்தீவுகளில் பள்ளிவாசலை ஒட்டிய திண்ணைக் கல்வியே நெடுங்காலம் நீடித்தது. 1972இல் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டு, வெளிநாட்டுப் பயணிகள் வரத் தலைப்பட்டனர். விடுதிகள் குடியில்லாத் தீவுகளில் அமைந்தன. எனினும் அவற்றுக்கு வேண்டிய விமான நிலையம் மாலேயை அடுத்த உலுலே தீவில் இருந்தது; அலுவலகங்களும் கடைகளும் மாலேயில் இருந்தன.

அதே காலத்தில் தீவனின் பழைய பிழைப்பு ஆட்டங்கண்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை தன் மாசி இறக்குமதியைச் சுருக்கியது. தெற்கே அத்து தீவுக்கூட்டத்தின் கண் தீவில் இருந்த பிரிட்டிஷ் விமானத் தளம் 1976இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்துவந்த நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், அயலாரிடம் வேலை செய்த பழக்கமும் உண்டு. அவர்களுள் பலர் மாலேயையும் அதனைச் சுற்றி எழுந்த விடுதிகளையும் நாடினர்.

விளைவை 1977ஆம் ஆண்டின் குடிமதிப்பு காட்டியது. நாட்டின் தொகை 1,42,832. மாலேயின் தொகை 29,522. நூற்றுக்கு ஏழாக இருந்தது இருபதைத் தாண்டிவிட்டது. 1985இல் நாட்டின் தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம். மாலேயில் ஏறத்தாழ 46,000. அவ்வெட்டு ஆண்டுகளில் நாடு நூற்றுக்கு 26 வீதம் வளர்ந்தது. மாலேயோ நூற்றுக்கு 55 வீதம் வளர்ந்தது. 2000இல் தலைநகரின் தொகை 74,069 ஆயிற்று. 2006இல் அதனோடு சேர்ந்த சிறு தீவுகள் உட்பட 1,03,693 ஆகி, முதன்முறையாக ஒரு லட்சத்தைக் கடந்தது. 2022ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டில் வசிப்போர் 5,15,132. மாலே மாநகரில் வசிப்போர் ஏறத்தாழ 2,12,000. நூற்றுக்கு நாற்பத்தொருவர் தலைநகரில் இருக்கின்றனர். 111 ஆண்டுகளில் நாடு ஏழு மடங்கு பெருகியது. தலைநகர் நாற்பது மடங்கு பெருகியது.

இப்பெருக்கத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு, அது மகிழ்ச்சிக்குரியது. 1977இல் மாலத்தீவினரின் சராசரி ஆயுள் ஐம்பது ஆண்டுகளுக்கும் குறைவு. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மாண்டன. தடுப்பூசியும் மருத்துவமும் பரவிய பின்னர் இந்நிலை மாறியது. இன்று சராசரி ஆயுள் எண்பதை ஒட்டி நிற்கிறது. பிழைத்த குழந்தைகள் வளர்ந்து பள்ளியைத் தேடினர். பள்ளியை முடித்தவர்கள் வேலையைத் தேடினர். அவை இரண்டும் மாலேயில்தான் இருந்தன. மேனிலைப் பள்ளிக் கல்வி வெளித்தீவுகளுக்கு எட்டியது 1990களில்தான். இந்தியா கட்டிக்கொடுத்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை 1995இல் திறக்கப்பட்டது. அதுவும் மாலேயில்தான். ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டினால், தாயும் தம்பி தங்கையரும் உடன் புறப்பட்டு மாலேயில் ஓர் அறையை வாடகைக்குப் பிடிப்பது வழக்கமாயிற்று. தந்தை தீவிலோ விடுதியிலோ தங்கிப் பணம் அனுப்புவார். இப்படி ஒவ்வொரு குடும்பமாகவே அந்நகரம் நிரம்பியது.

இனி, அத்தீவின் அளவை நினைத்துப் பார்ப்போம். மாலேயின் இயற்கைப் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். பாறைத் திட்டின் மீதுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பைத் தூர்த்து, படிப்படியாக அதை இரு சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிவாக்கினர். இன்றும் அதன் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை உள்ள தூரம், திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு நடக்கும் தூரமே இருக்கும். திருவனந்தபுரம் மாநகராட்சியில் 2011 கணக்கின்படி ஏறத்தாழ 215 சதுர கிலோமீட்டரில் ஒன்பதரை லட்சம் பேர் வாழ்ந்தனர். சதுர கிலோமீட்டருக்கு நாலாயிரத்து ஐந்நூறு பேர் என்று ஆகிறது. மாலேத் தீவிலோ அது அறுபதாயிரத்துக்கு மேல்.

இந்நெருக்கடியை முதலில் உணர்த்தியது தண்ணீர். பவளத் தீவுகளில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. பெய்யும் மழை மணலில் இறங்கி, உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். முற்றத்துக் கிணறுகளில் மக்கள் அந்நீரை அளவாக இறைத்துக்கொண்டனர். ஐயாயிரம் பேருக்கு அது போதியதாக இருந்தது. முப்பதாயிரம் பேர் இறைத்தபோது அடியிலிருந்த உப்பு நீர் மேலே ஏறியது. கழிவுநீரும் அதே மணலில் இறங்கியது. 1978இல் வாந்திபேதி பரவி உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே கழிவுநீர்க் குழாய்கள் அமைக்கப்பட்டன. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 1988இல் நிறுவப்பட்டது. அன்று முதல் மாலேயின் தாகம் தணிவது எந்திரத்தின் தயவால்தான்.

அந்த எந்திரம் ஒருநாள் நின்றது. 4 திசம்பர் 2014 அன்று குடிநீர் நிலையத்தில் தீப்பற்றியது. நகரம் முழுவதும் குழாய்கள் வறண்டன. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்திருக்க, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குடிநீருக்கு வரிசையில் நின்றனர். இந்திய விமானப் படையின் விமானங்கள் அரக்கோணம் வழியாகத் தண்ணீரைச் சுமந்து சென்றன. கொச்சிக் கடற்புறத்தே சென்றுகொண்டிருந்த சுகன்யா என்னும் கடற்படைக் கப்பல் மாலேக்குத் திருப்பி விடப்பட்டது. தனித்தனி ஊர்களாக வாழ்ந்தவரை ஓர் ஊரின் துன்பம் அவ்வூரோடு நின்றது. ஒரே ஊராகத் திரண்ட பின்னர், ஓர் எந்திரத்தின் பழுது ஒரு நாட்டின் துன்பம் ஆகிவிடுகிறது.

கடலும் தன் பங்குக்கு எச்சரிக்கை செய்தது. 1987 ஏப்பிரலில் எழுந்த பேரலைகள், தூர்த்து எடுத்த நிலப்பகுதிகளில் புகுந்தன. அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் அவையில் பேசிய மாலத்தீவுக் குடியரசுத் தலைவர், கடல்மட்டம் உயர்ந்தால் தம் நாடே மறையக்கூடும் என்பதை உலகத்தின் முன் வைத்தார். சப்பான் நாட்டின் உதவியோடு மாலேயைச் சுற்றி அலைதாங்கிச் சுவர் எழுப்பப்பட்டது. 26 திசம்பர் 2004 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அச்சுவர் தலைநகரைப் பெரும் அழிவிலிருந்து காத்தது. சுவரில்லாத தீவுகள் பலவற்றில் வீடுகள் இடிந்தன, கிணறுகள் உப்பாயின. வடக்கே ரா தீவுக்கூட்டத்தில் கந்தொலுது என்னும் நெருக்கமான சிறு தீவு முற்றிலும் கைவிடப்பட்டது. அதன் மக்கள் நான்கு ஆண்டுகள் அங்குமிங்கும் தங்கியிருந்து, 2008 இறுதியில் துவாபரு என்னும் புதிய தீவில் ஒன்றாகக் குடியேறினர். பாதுகாப்பு தலைநகரில்தான் உண்டு என்னும் எண்ணம் பிற தீவு மக்களின் உள்ளத்தில் இதனால் வலுப்பெற்றது.

மாலேயில் இனி இடமில்லை என்பது தெளிவானபோது, புதிய தீவையே உண்டாக்க அரசு முனைந்தது. 1997 அக்டோபரில் விமான நிலையத்துக்கு வடக்கே கடலடி மணலை வாரிக் கொட்டும் பணி தொடங்கியது. அவ்வாறு எழுந்த 188 எக்டேர் நிலத்துக்கு உலுமாலே என்று பெயர். 2004இல் அங்கே குடியேற்றம் தொடங்கியது. பின்னர் மேலும் 240 எக்டேர் சேர்க்கப்பட்டது. 2018 ஆகசுட்டில் சீன உதவியோடு கட்டப்பட்ட பாலம் மாலேயை விமான நிலையத்தோடும் உலுமாலேயோடும் இணைத்தது. 16 அடுக்குமாடிக் கோபுரங்களில் 7,000 வீடுகள் எழுந்தன. 2022இல் உலுமாலேயில் வாழ்ந்தோர் அறுபதாயிரத்துக்கு மேல். மேற்கே உள்ள தீவுகளை இணைக்கும் மற்றொரு நெடும்பாலத்தின் கட்டுமானம் இந்திய உதவியோடு 2022இல் தொடக்கம் பெற்றது.

இவை அரிய முயற்சிகளே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய நிலமும் பழைய தலைநகரின் வாசலிலேயே உண்டாயிற்று. அங்கே இடம் விரிய விரிய, வெளித்தீவுகளிலிருந்து மேலும் மக்கள் வந்து சேர்ந்தனர். குடத்தில் நீர் நிரம்பி வழிகிறது என்று பெரிய குடமாக வைப்பது ஒரு வழி. ஓடிவரும் நீரை வழியிலேயே வயல்களுக்குத் திருப்புவது மற்றொரு வழி. இரண்டாவது வழியின் தேவையை மாலத்தீவினரும் உணர்ந்தனர். 2010இல் அதிகாரப் பரவல் சட்டம் இயற்றப்பட்டு, தீவுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் ஏற்பட்டன. குடியிருக்கும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த ஏறத்தாழ அதே காலத்தில் இசைவளிக்கப்பட்டது. சில தீவுகளில் இளைஞர்கள் சொந்த ஊரிலேயே வருவாய் தேடிக்கொள்ள அது வழி செய்தது. வட்டார மருத்துவமனைகளும் பள்ளிகளும் பெருகியுள்ளன. ஆயினும் அறுபது ஆண்டுகளாக ஒரு திசையில் ஓடிய வெள்ளம் ஒரு சட்டத்தால் திரும்பிவிடாது.

தீவு சிறிதாக இருந்தால் இந்நிலை தவிர்க்க முடியாததா? பசிபிக் கடலில் உள்ள கிரிபாத்தி நாட்டில் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தென் தராவா என்னும் ஒரே பகுதியில் நெருங்கி வாழ்கின்றனர். துவாலு நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகர்த் தீவிலேயே உள்ளனர். இவற்றைக் கொண்டு, அது தீவுகளின் தலைவிதி என்று கூறுவோர் உண்டு. ஆனால் இலங்கையும் ஒரு தீவுதான். அங்கே 2012 குடிமதிப்பின்படி நகர மக்கள் நூற்றுக்குப் பதினெண்மரே. மாநகர, நகர சபை எல்லைகளை மட்டுமே நகரம் எனக் கொள்வதால் இவ்வெண் உண்மையினும் குறைந்து தோன்றும் என்பது உண்மையே. எனினும் நாட்டு மக்கள் அனைவரும் கொழும்பில் சென்று குவியவில்லை. 1940களில் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது நாட்டுப்புறங்களில் மத்திய பள்ளிகள் எழுந்தன. 1945இல் கல்வி இலவசமாயிற்று. கிராமப்புறங்களில் மருத்துவமனைகளும் பெருகின. பிள்ளையின் படிப்புக்காக ஊரையே காலி செய்ய வேண்டிய தேவை அங்கே குறைந்தது.

கேரளத்தின் சான்று இன்னும் அண்மையில் உள்ளது. 1817இல் இராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூரில் ஆணை பிறப்பித்தார். அதன் பின்னர் வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பள்ளியும் மருத்துவமனையும் சிற்றூர்களை எட்டின. 2001இல் கேரளத்தின் நகர மக்கள் நூற்றுக்கு 26 பேர். 2011இல் ஏறத்தாழ 48 பேர். பத்தே ஆண்டுகளில் இவ்வளவு உயர்வா என்று திகைக்க வேண்டா. மக்கள் கூட்டமாக ஊரை விட்டுப் பெருநகருக்குச் சென்றதால் வந்த உயர்வு அன்று அது. தொழிலாலும் நெருக்கத்தாலும் நகரத்தின் தன்மை பெற்றுவிட்ட ஊராட்சிகளைக் குடிமதிப்புத் துறை 'குடிமதிப்பு நகரங்கள்' எனச் சேர்த்துக்கொள்கிறது. 2001இல் 99 ஆக இருந்த அத்தகைய ஊர்கள் 2011இல் 461 ஆயின. அதாவது, மக்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தனர். நகரம் அவர்களைத் தேடி வந்தது. மாலத்தீவிலோ நகரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மக்கள் அதைத் தேடிச் சென்றனர்.

நகரம் என்பது ஒரு மாய விளக்கு, மக்கள் விட்டில்களைப் போல அதில் வந்து விழுகின்றனர் என்று பேசுவது எளிது. மாலேயின் வரலாறு அப்பேச்சை மறுக்கிறது. அங்கே வந்தவர்கள் பிள்ளைக்குப் பள்ளியையும், தாய்க்கு மருத்துவரையும், மகனுக்கு வேலையையும் தேடி வந்தவர்கள். அம்மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, மக்கள் ஏன் ஒரே இடத்தில் குவிகின்றனர் என்று வினவுவதில் பொருளில்லை.

இன்னும் ஓர் எண் உண்டு. 2022இல் மாலத்தீவில் எண்ணப்பட்டவர்களுள் 1,32,493 பேர் வெளிநாட்டவர். நால்வரில் ஒருவர் என்று ஆகிறது. வங்காளதேசத்தவர் அவர்களுள் மிகுதி. இந்தியரும் இலங்கையரும் உண்டு. மாலேயின் மாடங்களைக் கட்டுவோரும் தெருக்களைத் துப்புரவு செய்வோரும் பெரும்பாலும் அவர்களே. தீவுப் பள்ளிகளில் கற்பிக்கச் சென்ற ஆசிரியர்களிலும், மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியரிலும், நம் தென்னாட்டவர் பலர். தீவன் மாலேக்குப் போக, அவன் விட்டுச் சென்ற தீவில் அவன் தம்பிக்குக் கணக்குக் கற்பிக்க நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒருவர் கடல் கடந்து போகிறார். அயலூர் வாழ்வு என்பது சங்கிலி போன்றது. அதில் எந்தக் கண்ணியும் தனித்து நிற்பதில்லை.

மாலேவாசிகள் தம் தீவுக்குப் புறம்பான நாட்டுப் பகுதியை 'ராஜ்ஜெதெரெ' என்பர். ராஜ்ஜெ என்பது நாம் இராச்சியம் என்று வழங்கும் சொல்லுக்கு உறவு. தலைநகரத்தானா, ராஜ்ஜெதெரெக்காரனா என்னும் வேறுபாடு பேச்சோடு நிற்பதில்லை. மனையும் வீடும் பங்கிடும்போது, இந்நகரில் பதிவு பெற்றவருக்கு முதலிடமா, இந்நகரில் வாழ்பவருக்கு முதலிடமா என்னும் வழக்கு எழுகிறது. பல ஆண்டுகள் வாடகை கொடுத்தவர், பதிவேட்டில் வேறு தீவினராகவே இருக்கக்கூடும். குடிமதிப்பு எடுப்பவர் ஒருவனை அவன் உறங்கும் இடத்தில் எண்ணுகிறார். பதிவேடு அவனை அவன் முன்னோர் உறங்கிய இடத்தில் எழுதுகிறது. இவ்விரண்டும் பொருந்தாதபோது உரிமை எது என்பது வினாவாகிறது. இவ்வினா மாலேக்கு மட்டும் உரியதன்று. பங்கீட்டு அட்டை ஓர் ஊரிலும், வாக்குரிமை ஓர் ஊரிலும், வயிற்றுப்பாடு ஓர் ஊரிலுமாக வாழும் நம்மவர் எத்தனை பேர்!

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், பிறந்த ஊர் எது, இதற்கு முன் வாழ்ந்த ஊர் எது, அங்கிருந்து வந்த காரணம் என்ன என்ற வினாக்கள் கேட்கப்பட்டன. வேலை, வணிகம், கல்வி, திருமணம், பிறந்த பின் குடிபெயர்வு, குடும்பத்தோடு வருகை எனக் காரணங்கள் வகுக்கப்பட்டிருந்தன. மற்றவை எல்லாம் 'பிற' என்பதில் அடங்கின. மருத்துவத்துக்காக வந்தவரின் காரணம் அந்தப் 'பிற' என்னும் சொல்லுக்குள்தான் ஒளிந்து நிற்கும். இத்தகைய வினாக்களோடு அலுவலர் வாசலில் வந்து நிற்கும்போது, நேரமில்லை என்று அரைகுறையாக விடையளிப்போர் நம்முள் உண்டு. எங்கிருந்து, எதற்காக மக்கள் புறப்பட்டனர் என்பதை அறிந்தால்தான், எந்த ஊரில் பள்ளி வேண்டும், எந்த ஊரில் மருத்துவமனை வேண்டும் என்பது ஆள்வோருக்குத் தெரியவரும். ஆகவே அவ்விடையை நிறைவாகக் கூறுவது, நாம் விட்டு வந்த ஊருக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறாகும்.

மருந்துக் கடை வாயிலில் நாம் கண்ட முதியவரின் கதையையும் சொல்லி முடிப்போம். அவருடைய பாட்டனார் தீவில் கிடைக்காததைத் தேடி மாலேக்கு வந்தார். அவர் மாலேயில் கிடைக்காததைத் தேடித் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தார். மகளுக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை என்றும், முடிந்ததும் ஊர் திரும்புவதாகவும் கூறினார். "எந்த ஊருக்கு?" என்று இம்முறை நாம் கேட்கவில்லை. அவரே, பாட்டனாரின் தீவின் பெயரைச் சொன்னார். அத்தீவை அவர் வாழ்நாளில் இருமுறைதான் பார்த்திருக்கிறாராம். அங்கே இப்போது ஒரு மருத்துவ நிலையம் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டாராம். நமக்கும் அவருக்கும் மருந்துச் சீட்டு எண்கள் அடுத்தடுத்து அழைக்கப்பட்டன. வணக்கம் கூறிப் பிரிந்தோம்.